கீழ் வரிசைப் படம்

நெய்வேலியில் ஒருவர் இறந்துபோனால், ஆஸ்பத்திரியிலிருந்து உடல் வீடு வந்து சேர்வதற்குள் பேனர் வந்துவிடும். ஆர்ச் கேட்டில் ஒன்று, மந்தாரக்குப்பம் கடைவீதியில் ஒன்று என்று கட்டிவிட்டுத்தான் தெருப் பையன்கள் பந்தலுக்குக் கம்பு நடவே போவார்கள். இதெல்லாம் சித்தீகாவுக்குத் தெரியும். தெரிந்திருந்ததுதான் அன்றைக்கு அவளைக் கவிழ்த்தது.

குறிஞ்சிப்பாடியில் தங்கை பாயிஜாவைப் பார்த்துவிட்டு மதிய பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தாள். மடியில் தங்கை வீட்டு முருங்கைக்காய்க் கட்டு. வடலூர் தாண்டியதும் கண் சொக்கியது. ஆர்ச் கேட் நிறுத்தத்தில் பஸ் குலுங்கி நின்றபோது விழித்துக்கொண்டாள். ஜன்னலுக்கு நேரே அவள் கணவர் நின்றுகொண்டிருந்தார்.

இருபது வயது அப்துல் மஜீது. சாய்த்து வைத்த தொப்பி, விமானப்படைச் சட்டை, மீசை சரியாக முளைக்காத உதடு. கறுப்பு வெள்ளைப் படம். அதன் இரண்டு பக்கமும் குத்துவிளக்கு எரிந்தது. கீழே சிவப்பு எழுத்தில் 'வீரவணக்கம்'. பேனரின் மேல்பாதியை வேப்பமரக் கிளை மறைத்திருந்தது. அவளுக்கு அந்த ஒரு படத்தைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவுமில்லை.

"இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்" என்று, சாவுச் செய்தி கேட்டால் சொல்வதை வாய் தானாகச் சொன்னது. சொன்ன பிறகுதான் யாருக்காகச் சொன்னோம் என்று உறைத்தது. கை கழுத்துக்குப் போய், தாலியாகக் கட்டியிருந்த கருகமணியைப் பிடித்துக்கொண்டது. கழற்றவா, கெட்டியாகப் பிடிக்கவா என்று அந்தக் கைக்கே தெரியவில்லை.

"தெரிஞ்சவங்களா ஆயா?" என்று பக்கத்து சீட்டுப் பெண் கேட்டாள்.

"எங்க வூட்டுக்காரரு."

அந்தப் பெண் கண்டக்டரைப் பார்த்துக் கையைக் காட்டினாள். கிளம்பிய பஸ் மறுபடி நின்றது. யாரோ அவள் முழங்கையைப் பிடித்து இறக்கிவிட்டார்கள். முருங்கைக்காய்க் கட்டை இன்னொருவர் ஜன்னல் வழியாகக் கொடுத்தார். சித்தீகா அழவில்லை. மஜீதின் போனுக்கு அடித்துப் பார்த்தாள். மணி முழுசாக அடித்து ஓய்ந்தது.

அவர் எங்கே போயிருந்தார் என்பது அவளுக்குத் தெரியும். அதனால்தான் இன்னும் பயம். டவுன்ஷிப் பூங்காவில் சிமெண்டு மேடை மேல் முப்பது வருஷமாக ஒரு பழைய சண்டை விமானம் நிற்கிறது. அதைப் பழையபடி ஆக்கி, சுதந்திர தினத்தன்று இந்தப் பக்கத்து முன்னாள் படைவீரர்களை அதன் முன்னால் வைத்துக் கௌரவிக்கப் போகிறோம் என்று வெயில் காலத்தில் ஒரு குழு சேர்ந்தது. அந்த நாளிலிருந்து எழுபத்து நாலு வயது மனிதர் தினமும் ஏணி ஏறிக்கொண்டிருந்தார்.

"கீழ நின்னு சொன்னா போதாதா? ஏறித்தான் ஆவணுமா?" என்று காலையில்கூடக் கேட்டிருந்தாள்.

"அது மேல ஏறாம அதுக்கு என்னா நோவுன்னு எப்பிடிப் பார்க்கிறது?" என்று அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

ஆட்டோ ஸ்டாண்டில் தெரிந்த முகம் வேலுமணி மட்டும்தான். அவனிடம் போய் நின்றாள். பேனரைக் கையால் காட்டினாள்.

வேலுமணி எட்டிப் பார்த்தான். "நம்ம மஜீது பாயா? காலையிலகூட டீக்கடையில பார்த்தேனே."

அந்த ஒரு சொல்தான் அவளுக்கு மிச்சமிருந்த சந்தேகத்தையும் துடைத்தது. செத்தவர்களைப் பற்றித்தான் ஊர் அப்படிச் சொல்லும். காலையில்கூடப் பார்த்தேனே.

"ஏரோப்ளான் பார்க்குக்குப் போ" என்று மட்டும் சொன்னாள்.

சித்தீகா ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். மாப்பிள்ளைக்கு விமானப்படையில் வேலை என்று பெண் கேட்டு வந்தபோது தெருவே வாயைப் பிளந்தது. அவர் விமானம் ஓட்டுகிறவர் இல்லை, ஓட்டுகிறவர் ஏறுவதற்கு முன் சரிபார்த்துக் கொடுக்கிறவர் என்பதெல்லாம் கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. பாகிஸ்தானோடு நடந்த சண்டை முடிந்து நாலு வருஷம் ஆகியிருந்த சமயம் அது. ஆனாலும் பயம் முடியவில்லை. அவர் வடக்கே ஏதோ ஒரு முகாமில் இருப்பார். இவள் குறிஞ்சிப்பாடியில் மாமியார் வீட்டுக் கதவுக்குப் பின்னால் நின்று தபால்காரர் சைக்கிளின் மணிக்குக் காது கொடுத்துக்கொண்டிருப்பாள். தந்தி வந்துவிடுமோ, தந்தி வந்துவிடுமோ என்று அவளுடைய இளமை முழுக்க அந்தக் கதவிடுக்கில் போனது. தந்தி வரவில்லை. ஆள்தான் முழுசாக வந்தார். முன்னாள் ராணுவத்தார் கோட்டாவில் மைன்ஸ் ஒர்க்ஷாப்பில் பர்மனெண்ட் வேலை, குவார்ட்டர்ஸ், தையல் மெஷின், மகள் ஆசிஃபா என்று வாழ்க்கை ஒரு மட்டமாக ஓடியது. ரிட்டயரான பின் மந்தாரக்குப்பத்தில் சொந்த வீடு. இனி நமக்கு யாரும் செய்தி கொண்டு வரப்போவதில்லை என்று அவள் நிம்மதியாக இருந்தாள். தந்தியில் வராதது பேனரில் வந்துவிட்டது.

பூங்காவுக்குள் நுழைந்ததும் முதலில் அவள் கண்ணில் பட்டது தரையில் குப்புறக் கிடந்த ஏணி. மேடைக்கு அடியில் அவருடைய செருப்பு, ஒன்று நேராக, ஒன்று கவிழ்ந்து. தள்ளிப்போய்ப் புங்கமரத்தடியில் நாலைந்து பேர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு விமானத்தையே பார்த்து நின்றார்கள்.

அவள் நிமிர்ந்தாள். விமானி உட்காரும் குழியின் மேல் கண்ணாடி மூடி இறங்கியிருந்தது. வெயிலில் பழுத்து மஞ்சளித்துப்போன கண்ணாடி. அதற்குள்ளே மஜீதின் முகம் சாய்ந்திருந்தது. கண் மூடியிருந்தது. செத்தவர்களை வைக்கும் ஐஸ் பெட்டியின் கண்ணாடி வழியாகப் பார்க்கிற முகம் எப்படி இருக்குமோ, அப்படியே இருந்தது. யாரோ முன்கூட்டியே பெட்டியில் வைத்துவிட்டார்கள் என்றுதான் அவள் நினைத்தாள். அது எவ்வளவு பைத்தியக்கார நினைப்பு என்பது அப்போது தெரியவில்லை.

அந்த முகம் கண்ணைத் திறந்தது. இவளைப் பார்த்தது. கண்ணாடிக்குள்ளிருந்து ஒரு விரலை ஆட்டி, வராதே, தள்ளிப் போ என்று சைகை செய்தது.

சித்தீகா மேடைப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா, அங்க உட்காராதீங்க! குளவி இன்னும் சுத்திகினு இருக்கு!" என்று மரத்தடியிலிருந்து ராமலிங்கம் கத்தினார். அவர் ராணுவத்தில் லாரி ஓட்டியவர், இப்போது மஜீதுக்கு இந்த விமான வேலையில் கூட்டாளி. காற்றுப் போகும் ஓட்டைக்குள் கையை விட்டபோது குளவிக்கூடு கலைந்துவிட்டது. எல்லோரும் ஏணியைத் தள்ளிவிட்டு ஓடியிருந்தார்கள். மேலே மாட்டிக்கொண்ட மஜீது, போன் கீழே பையில் கிடக்க, குழிக்குள் குதித்து மூடியை இழுத்துக்கொண்டார்.

குளவி அடங்கி, ஏணி வைத்து, அவர் இறங்கி வந்தார். சட்டை முழுக்க வேர்வை.

"என்னா புள்ள, இந்நேரத்துல? பாயிஜா வூட்டுல சண்டையா?"

அவள் முருங்கைக்காய்க் கட்டை அவர் கையில் திணித்தாள். பிறகு அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அது அவள் கைக்குள் துடித்தது. நாலு ஆண்கள் முன்னால் அவள் அவரைத் தொட்டது கல்யாணமான இத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை. வேலுமணிதான் விஷயத்தைச் சொன்னான்.

"நான் செத்துட்டேனா? அப்ப வா, போயி முகத்தைப் பார்த்துட்டு வந்துடலாம்" என்றார் மஜீது.

ராமலிங்கமும் சேர்ந்துகொண்டார். ஆட்டோவில் போகும்போதே குழுவின் செயலாளர் பிரவின்குமாருக்குப் போன் போட்டார்கள். அவன் இவர்கள் போய்ச் சேருவதற்குள் பைக்கில் வந்து பேனருக்கு முன்னால் வெலவெலத்து நின்றான். வேப்பங்கிளையை ஒதுக்கிப் பிடித்தபோது முழுப் பேனரும் தெரிந்தது. மேல் வரிசையில் கௌரவிக்கப்படப் போகிறவர்கள், 'வருக வருக' என்று பூக்களோடு. கீழ் வரிசையில் இறந்துபோனவர்கள், விளக்கோடு. படம் வாங்கும்போது இறந்தவர்கள் படத்தையும் குழு கேட்டிருந்தது.

பிரவின்குமார் பிளக்ஸ் கடைக்காரனைப் போனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டான்.

"ஏண்டா, உசுரோட இருக்கறவருக்கு விளக்கு வச்சிருக்கிறியே?"

"கறுப்பு வெள்ளைப் படம்னா கீழ வரிசைண்ணே. கலர்னா மேல வரிசை. எங்க கடையில எப்பவும் அப்பிடித்தான் போடுவோம். இத்தனை வருசத்துல ஒருத்தரும் குறை சொன்னதில்ல."

"அவரு பாய்டா. பாய்க்குப் போயி குத்துவிளக்கா?"

"டிசைன்ல அதாண்ணே இருக்கு."

ராமலிங்கத்துக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "பாய், இதுக்குத்தான் ஒரு கலர் போட்டோ எடுத்து வையுங்கன்னு சொல்றது. கருமித்தனம் பண்ணா இப்பிடித்தான் காலத்துக்கு முன்னாடியே அனுப்பிச்சுடுவாங்க."

யூனிபார்மில் மஜீதுக்கு இருந்தது அந்த ஒரு படம்தான். பெட்டியின் அடியிலிருந்து சித்தீகாதான் எடுத்துக் கொடுத்தாள். என் கையால் கொடுத்தேனே என்று அவளுக்கு ஓடிக்கொண்டே இருந்தது.

மஜீதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். திடீரென்று சிரிப்பு நின்றது. மேல் வரிசையில் மூன்றாவது படத்தையே பார்த்தார். பளிச்சென்ற கலரில், மகள் மலர்கொடி கல்யாணத்தன்று எடுத்த படம், சந்தனப் பொட்டோடு வாயெல்லாம் பல்லாகக் கொளஞ்சிநாதன்.

கொளஞ்சிநாதன் பங்குனி மாதம் மாரடைப்பில் போய்விட்டார்.

கம்மாபுரத்துக்காரர். மஜீதும் அவரும் ஒரே ரயிலேறி விமானப்படைக்குப் போனவர்கள். ஒரே வகை விமானத்துக்கு ஸ்பேனர் பிடித்தவர்கள். பிறகு ஒரே ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்தவர்கள். பெருநாளன்று மஜீதின் ஷிப்டைக் கொளஞ்சி பார்ப்பார். பொங்கலன்று கொளஞ்சியின் ஷிப்டை மஜீது பார்ப்பார். வேலையில் இருந்த காலம் முழுக்க அது மாறியதே இல்லை.

"இதை எப்ப கட்டினீங்க?" என்று மஜீது கேட்டார்.

"காலையிலதான் சார். நாலு இடத்துல. கம்மாபுரத்துலயும் ஒண்ணு" என்றான் பிரவின்குமார். "நாளைக்கே வேற அடிச்சுக் கட்டிடறேன் சார். கடைக்காரனே சும்மா அடிச்சுத் தருவான்."

அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டுச் சந்திரா, துக்க வீட்டுக்கு என்று பிளாஸ்க் நிறையக் காபி போட்டுக்கொண்டு, தலையைக் குனிந்தபடி வந்தாள். மஜீது கதவைத் திறந்தார். பிளாஸ்க் கீழே விழுந்து உருண்டது. காபி போனாலும் பரவாயில்லை, ஆள் இருக்கிறாரே என்று சந்திரா விக்கி விக்கிச் சிரித்தாள். சித்தீகாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்தால் மஞ்சள் கண்ணாடிதான் தெரிந்தது. ஒருதரம் போய் மூக்குக்கிட்ட விரலை வைத்தாள். "தூங்க வுட மாட்டியா?" என்றார் அவர். அந்த விளக்கு எரியும் படம் இறங்கினால்தான் இந்தப் பயம் இறங்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

மறுநாள் காலை கனகம் வந்தாள். கொளஞ்சியின் மனைவி. முதல் பஸ்ஸில் வந்திருந்தாள். செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை.

"வாங்கக்கா. நீங்களும் அதைப் பார்த்துட்டீங்களா?" என்றாள் சித்தீகா. "தப்பு நடந்துபோச்சு. இன்னைக்கே மாத்திடறாங்களாம்."

"மாத்த வாணாம்னு சொல்லத்தான் வந்தேன்."

சித்தீகா புரியாமல் பார்த்தாள்.

"எங்க ஊரு பஸ் ஸ்டாண்டுல நின்னு பார்த்துகினே இருந்தேன்" என்றாள் கனகம். "வருக வருகன்னு போட்டிருக்கு. யாருக்கும் தப்பாத் தெரியல. வெளியூருக்காரங்க போறவங்க வர்றவங்கல்லாம் அவரு விழாவுக்கு வரப்போறாருன்னு நெனைச்சுகினு போறாங்க. எங்க ஊருல அவரைப் பத்திப் பேச்சு எடுத்தா ஒடனே குரலை எறக்கிடறாங்க. அந்த போர்டுதான் எறக்கல. விழா வரைக்கும் வுட்டுடச் சொல்லு. அப்புறம் கிழிச்சுப் போடட்டும்."

"அக்கா, அது அப்பிடியே இருந்தா இவரும் கீழயே இல்ல இருப்பாரு. விளக்கோட."

"தெரியும்."

"எனக்கு அந்த வழியா பஸ்ஸுல போக முடியாதுக்கா. நேத்து ஆர்ச் கேட்டுலேருந்து பார்க் வரைக்கும் ஆட்டோவுல நான் பட்டது..."

"அந்தத் தூரம் பட்டே இல்ல?" என்றாள் கனகம். சத்தமாகச் சொல்லவில்லை. குற்றமாகவும் சொல்லவில்லை. "நான் பங்குனியிலேருந்து அந்த ஆட்டோவுலயே உட்கார்ந்திருக்கேன். பார்க்கு வரவே மாட்டேங்குது."

இந்தப் பெண்ணின் துக்கத்துக்குச் சித்தீகா போயிருந்தாள். பாலும் பழமும் வாங்கிக் கொடுத்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள். எல்லாம் முறையாகச் செய்துவிட்டு வீடு வந்து சாப்பிட்டுத் தூங்கினாள். அந்தத் துக்கம் எப்படிப்பட்டது என்று நேற்று மதியம் வரை அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. இது அவளுக்கு இரண்டாவது அதிர்ச்சி. இந்தத் தடவை பிடித்துக்கொள்ள எதிரே ஒரு மணிக்கட்டு இல்லை.

உள் அறையிலிருந்து மஜீது வந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார் என்று முகமே சொன்னது.

"விடு புள்ள. ஷிப்டு மாத்திகினோம்னு வச்சுக்க. அவன் எடத்துல நான், என் எடத்துல அவன். நாலஞ்சு நாளுதானே."

"உங்களுக்கு என்னாங்க, நீங்க படத்துக்குள்ள இருக்கீங்க. பார்க்கறது நான்" என்றாள் சித்தீகா.

கனகம் கேட்டதைத் திரும்பக் கேட்கவில்லை. முடிவு இவள் கையில் வந்து விழுந்தது. வீட்டில் மீன் வாங்குவதற்குக்கூட முடிவை அவரிடம் விட்டுப் பழகியவள். வெகுநேரம் தையல் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மெஷின் மேல் சிவப்புத் துணி கிடந்தது. விமானத்துக்கு உறை தைத்தது போக மிஞ்சியது. விமானம் தரையில் நிற்கும்போது அதன் காற்று ஓட்டைகளையும் மூக்கு நுனிக் குழாயையும் சிவப்பு உறை போட்டு மூடி வைப்பார்களாம், தூசியும் பூச்சியும் போகாமலிருக்க. பறப்பதற்கு முன்னால் கழற்றிவிட வேண்டும். மறந்தால் ஆபத்து. அந்தக் காலத்தில் மஜீதும் கொளஞ்சியும் பார்த்த முதல் வேலையே அதுதான். அதே அளவில் புது உறைகள் தைத்துத் தரச் சொல்லி மஜீது கேட்டிருந்தார்.

சித்தீகா கத்தரிக்கோலை எடுத்தாள். குத்துவிளக்கு உயரத்துக்கு எட்டுத் துண்டு வெட்டி ஓரம் மடித்துத் தைத்தாள். பிரவின்குமாரைப் போனில் கூப்பிட்டாள். அவனோடு அவள் போனில் பேசியது அதுதான் முதல்முறை.

"தம்பி, போர்டை மாத்த வாணாம். ஆனா அவரு பக்கத்துல இருக்கிற ரெண்டு விளக்கையும் மூடிடணும். நாலு போர்டுலயும். ஏணி எடுத்துகினு வா."

"மூடிடறேன்மா. பேரையும் வாசிக்க மாட்டோம்" என்றான் அவன். "மௌன அஞ்சலியில சார் பேரை விட்டுடறோம். நான் சொல்லிடறேன்."

சுதந்திர தினத்தன்று பூங்கா நிறைந்திருந்தது. முன்பு யாரோ பூசிவிட்டிருந்த, குழாய்களுக்கு அடிக்கிற வெள்ளிப் பெயின்டையெல்லாம் சுரண்டி எடுத்துவிட்டு, பச்சையும் மண்ணிறமும் பூசிய விமானம், இப்போதுதான் வந்து இறங்கியது போல நின்றது. கண்ணாடி மூடியும் தேய்த்துத் தேய்த்துத் தெளிந்திருந்தது. சித்தீகா அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பெண்கள் வரிசையின் ஓரத்தில் கனகத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மஜீது விமானத்தின் மூக்குக்குக் கீழே, உறைகளைக் கழற்றத் தயாராக நின்றார்.

அறிவிப்பாளர் வெளியூரிலிருந்து கூலிக்கு வந்தவர். மேல் வரிசையை ஒவ்வொருவராக மேடைக்குக் கூப்பிட்டார். "அடுத்ததாக, திரு. கொளஞ்சிநாதன் அவர்களை அன்போடு அழைக்கிறோம்" என்றார். தெரிந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் எதுவும் சொல்வதற்குள் கனகம் எழுந்தாள். நெற்றியில் பொட்டில்லாமல், நேராக மேடைக்கு நடந்துபோய்ப் பொன்னாடையை வாங்கிக்கொண்டாள். அறிவிப்பாளர் தாமதமாகப் புரிந்துகொண்டு மைக்கைக் கீழே இறக்கினார். கனகம் கும்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்து ஆடையை மடித்து மடியில் வைத்தாள். கை தட்டுவதா கூடாதா என்று தெரியாமல் கூட்டம் சும்மா இருந்தது. பிறகு ராமலிங்கம் தட்டினார். எல்லோரும் தட்டினார்கள்.

"மறைந்த வீரர்களுக்கு ஒரு நிமிட மௌன அஞ்சலி" என்றார் அறிவிப்பாளர். அன்றைக்கு மேடைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து கட்டியிருந்த பேனரைப் பார்த்தபடி கீழ் வரிசைப் பெயர்களை வாசித்துக்கொண்டே போனார். பிரவின்குமார் சொன்னது அவர் காதில் ஏறவில்லையோ, பதற்றத்தில் மறந்துவிட்டதோ. "திரு. அப்துல் மஜீது" என்று ஒலிபெருக்கியில் தெளிவாக விழுந்தது.

சித்தீகாவின் கை கழுத்துக்குப் போனது.

பிரவின்குமார் மேடையை நோக்கி ஓடப்போனான். விமானத்துக்கடியில் நின்ற மஜீது, வேண்டாம் என்று தலையை ஆட்டினார். பிறகு, கொளஞ்சிக்காகத்தான் இருக்கும், தலையைக் குனிந்து கண்ணை மூடிக்கொண்டார்.

எல்லோரும் எழுந்து நின்றார்கள். எல்லோரும் கண்ணை மூடினார்கள். கனகம்கூட மூடினாள். சித்தீகா மூடவில்லை. அந்த நிமிஷம் முழுக்க, மூடிய அந்தக் கண்களையும், அதற்குக் கீழே வெள்ளைச் சட்டைப் பையில் குத்தியிருந்த சின்னக் கொடி மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்குவதையும் பார்த்துக்கொண்டே நின்றாள்.

மௌனம் முடிந்தது என்று மைக்கில் சொன்னார்கள். மஜீது கண்ணைத் திறந்து, கையை உயர்த்தி, முதல் சிவப்பு உறையைக் கழற்றினார்.